தண்ணீர் திரவம், கார்பன் டை ஆக்சைடு வாயு: ஏன்? இரண்டும் சந்தித்தால் என்ன ஆகும்?

பெருந்துறையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அவர் மகளுக்கு மூன்று சந்தேகங்கள். ஹைட்ரஜன் எரியும், ஆக்சிஜன் எரியவைக்கும்; இரண்டும் சேர்ந்த தண்ணீர் எப்படி நெருப்பை அணைக்கிறது? கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு தண்ணீர் மூலக்கூறைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். அப்படியிருக்க, கனம் குறைந்தது திரவமாகவும் கனம் கூடியது வாயுவாகவும் இருப்பது ஏன்? செடி வெளியே விடும் ஆக்சிஜன் இந்த இரண்டில் எதிலிருந்து வருகிறது?

சரிங்க, மூன்றுமே நல்ல கேள்விகள். திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறை பாய்லர்களுக்குத் தண்ணீர் பரிசோதித்துக் கொடுப்பது என் வேலை. பாடப்புத்தகம் தண்ணீரை ஒரு பாடத்திலும் கார்பன் டை ஆக்சைடை வேறொரு பாடத்திலும் வைக்கிறது. நம் ஊர் மண்ணிலும் பாய்லரிலும் சுவரிலும் இரண்டும் சேர்ந்தேதான் வேலை செய்கின்றன. அதனால் கேள்விகளுக்கு நடுவே அந்தக் கதையையும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி. தண்ணீருக்குள் ஹைட்ரஜன் அணுக்களும் ஆக்சிஜன் அணுக்களும் இருக்கின்றன; ஹைட்ரஜன் வாயுவும் ஆக்சிஜன் வாயுவும் இல்லை. இரண்டு வாயுக்களையும் ஒரு பாட்டிலில் சும்மா அடைத்து வைத்தால் அது கலவை. எந்த விகிதத்திலும் அடைக்கலாம், இரண்டும் தத்தம் குணத்தோடு அப்படியே இருக்கும். ஒரு தீப்பொறி பட்டால் படாரென்று வெடிக்கும். அப்புறம் பாட்டிலின் உட்சுவரில் ஈரம் படிந்திருக்கும். அந்த ஈரம்தான் தண்ணீர், அதுதான் சேர்மம். அங்கே எரிய வேண்டியது எரிந்து முடிந்துவிட்டது. அடுப்புச் சாம்பலை மறுபடி எரிக்க முடியுமா? அதே கதைதான்: தண்ணீர் ஹைட்ரஜனின் சாம்பல், கார்பன் டை ஆக்சைடு கரியின் சாம்பல்.

18 கிராம் தண்ணீர் உருவாகும்போது ஏறக்குறைய 286 கிலோஜூல் வெப்பம் வெளியேறுகிறது. அதை மறுபடி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க அவ்வளவு ஆற்றலையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். விறகு நெருப்பில் ஊற்றிய தண்ணீர் பிரிவதில்லை, ஆவியாகத்தான் மாறுகிறது. ஆவியாவதற்கே ஒவ்வொரு கிராமும் 2,257 ஜூல் வெப்பத்தை நெருப்பிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. விறகு குளிர்ந்து அணைகிறது. கார்பன் டை ஆக்சைடு அணைக்கும் வழி வேறு. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான அது எரிபொருளின் மேல் கவிந்து, ஆக்சிஜனை அண்டவிடாமல் செய்கிறது.

1781-ல் இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் இரண்டு வாயுக்களையும் கண்ணாடிக் கலத்தில் வெடிக்கவைத்துத் தண்ணீர் கிடைப்பதைப் பார்த்தார். தண்ணீர் ஒரு தனிமம் அல்ல, சேர்மம் என்று 1783-ல் துணிந்து சொன்னவர் பாரிஸில் இருந்த லவாய்சியர். 1800-ல் நிக்கல்சனும் கார்லைலும் மின்சாரத்தைச் செலுத்தித் தண்ணீரைப் பிரித்தார்கள். கன அளவில் ஹைட்ரஜன் ஆக்சிஜனைப் போல இரண்டு மடங்கு வந்தது. நிறையில் பார்த்தால் 1 பங்கு ஹைட்ரஜனுக்கு 8 பங்கு ஆக்சிஜன். சிறுவாணியில் எடுத்தாலும் பவானியில் எடுத்தாலும் ஆயிரம் அடி போர்வெல்லில் எடுத்தாலும் இந்த விகிதம் மாறாது. மாறுவது அதில் கரைந்திருக்கும் உப்புகள் மட்டும். கார்பன் டை ஆக்சைடில் அதே 8 பங்கு ஆக்சிஜனுக்கு 3 பங்கு கார்பன்.

இதை வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சமையல் எரிவாயு என்பது பெரும்பாலும் பியூட்டேனும் புரோப்பேனும். இரண்டிலும் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து தீரும்போது சுமார் 43 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 22 கிலோவுக்குக் குறையாத தண்ணீரும் அந்த அடுப்பிலிருந்து வெளியேறியிருக்கும். ஆமாம், தண்ணீர்தான், ஆவியாக. கூடுதல் எடை முழுவதும் அடுப்பு காற்றிலிருந்து இழுத்துக்கொண்ட ஆக்சிஜன். அடுப்பு பற்றவைத்ததும் குளிர்ந்த பாத்திரத்தின் வெளிப்புறத்தில் ஒரு நிமிடம் ஈரம் பூத்து மறைவதைப் பாப்பாவிடம் காட்டுங்கள். பாத்திரம் ஒழுகுகிறது என்று நாம் நினைப்பது பெரும்பாலும் எரிவாயுவில் பிறந்த புதுத் தண்ணீர்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். "சாம்பல்" என்றாலும் அதிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கும் வலு சில உலோகங்களுக்கு உண்டு. எரியும் மெக்னீசிய நாடாவைக் கார்பன் டை ஆக்சைடு நிறைந்த ஜாடிக்குள் இறக்கினால் அணையாது, சடசடவென்று தொடர்ந்து எரியும். எரிந்தபின் வெள்ளைத் தூளோடு ஜாடிச் சுவரில் கரும்புள்ளிகள் ஒட்டியிருக்கும். கண்ணுக்கே தெரியாத வாயுவிலிருந்து கரி வெளியே வந்து நிற்கிறது! சேர்மத்துக்குள் கார்பன் இருப்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது. பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் செய்து காட்டும்போது முன்வரிசையில் நின்று பார்க்க வேண்டிய சோதனை.

இனி இரண்டாவது கேள்வி. பதில் எடையில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடில் நடுவில் கார்பன், இரு பக்கமும் இரட்டைப் பிணைப்பில் ஆக்சிஜன். மூன்றும் ஒரே நேர்கோட்டில், 180 டிகிரியில். ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் குணம் கொண்டது. ஆனால் இடப்பக்க ஆக்சிஜன் இழுப்பதை வலப்பக்க ஆக்சிஜனும் அதே அளவுக்கு இழுப்பதால், மொத்தத்தில் மூலக்கூறு எந்தப் பக்கமும் சாய்வதில்லை. தண்ணீரில் நடுவில் இருப்பது ஆக்சிஜன். பிணைப்பில் சேராத இரண்டு எலக்ட்ரான் இரட்டைகள் அதனிடம் மிச்சம் இருக்கின்றன. அவை ஹைட்ரஜன்களை ஒரு பக்கமாகத் தள்ளுவதால் மூலக்கூறு 104.5 டிகிரியில் வளைந்துவிடுகிறது. வளைந்ததும் ஒரு பக்கம் லேசான எதிர்மின், மறுபக்கம் லேசான நேர்மின். ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கம் அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜன் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. மூலக்கூறுக்குள் அணுக்களைக் கட்டி வைக்கும் சாதாரணச் சகப்பிணைப்பின் வலுவில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பேர் வரை பிடித்துக்கொள்ள முடியும் என்பதால் கூட்டாகப் பெரிய வலு.

வளைவு மட்டும் போதாது என்பதையும் பாப்பா குறித்துக்கொள்ளட்டும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் வளைந்த மூலக்கூறுதான், மூலக்கூறு எடை 34. அது மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. கந்தகத்துக்கு ஆக்சிஜன் அளவுக்கு இழுக்கும் வலு இல்லாததால் அங்கே ஹைட்ரஜன் பிணைப்பு உருப்படியாக அமைவதில்லை. 18 எடையுள்ள தண்ணீர் 100 டிகிரி வரை தாக்குப்பிடிப்பது வளைவும் இழுப்பும் சேர்ந்ததால்தான்.

கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளுக்கு அப்படிப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. சாதாரண காற்றழுத்தத்தில் அது திரவமாக இருக்கவே இருக்காது, மைனஸ் 78.5 டிகிரியில் திடநிலையிலிருந்து நேராக வாயுவாகிவிடும். அதைத்தான் உலர் பனிக்கட்டி என்கிறோம். திரவமாக வேண்டுமென்றால் காற்றழுத்தத்தைப் போல 5 மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். அதற்கும் ஒரு எல்லை உண்டு: 31 டிகிரி. அதற்கு மேல் சூடு போனால், அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாலும் திரவம், வாயு என்று பிரிந்து நிற்காது. ஈரோட்டில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் மதியத்தில், வெளியே நிற்கும் தீயணைப்பு சிலிண்டருக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு இரண்டுங்கெட்டான் நிலையில்தான் இருக்கும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை வெயிலில் வைக்காதே என்று எழுதியிருப்பது சும்மா இல்லை.

கனமான வாயு என்று சொன்னேன் அல்லவா? நம் பக்கம் அது உயிர்ப் பிரச்சினை. அறுபது, எண்பது அடி ஆழக் கிணறுகள் கொங்கு நாட்டில் சாதாரணம். தண்ணீர் வற்றிப் பயன்படாமல் கிடக்கும் கிணற்றின் அடியில் இலைதழை அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்து, அந்த இடத்தில் கார்பன் டை ஆக்சைடு சேரும். காற்று புகாத ஆழம், கனமான வாயு. தானாக மேலேறி வராது. மணமோ நிறமோ கிடையாது. காற்றில் அதன் பங்கு 10 சதவீதத்தை எட்டினாலே சில நிமிடங்களில் மயக்கம் வரும். தூர் வார இறங்கியவர் மயங்க, தூக்கப் போனவரும் மயங்க, ஒரே கிணற்றில் இரண்டு மூன்று உயிர்கள் போவது இப்படித்தான். கயிற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது என்பது சரி. எரிந்தால் இறங்கலாம் என்பது தவறு. மோட்டாருக்காக உள்ளே டீசல் இன்ஜின் ஓட்டியிருந்தால் வரும் கார்பன் மோனாக்சைடையோ, சேற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடையோ அந்த விளக்கு காட்டிக்கொடுக்காது. யாராவது உள்ளே விழுந்து கிடந்தால் 101-க்கு அழையுங்கள், பின்னாலேயே இறங்காதீர்கள்.

இப்போது இரண்டும் சந்திக்கும் இடத்துக்கு வருகிறேன். கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் நன்றாகவே கரையும். குளிர்ந்த தண்ணீரில் அதிகமாக. 25 டிகிரியில் கரையும் அளவு, பனிக்கட்டிக் குளிரில் கரையும் அளவில் பாதிகூட இல்லை. சில்லென்று இல்லாத கோலி சோடா திறந்ததும் பொங்கி வழிந்து, குடிக்கும்போது சப்பென்று இருப்பதற்கு இதுதான் காரணம். கரைந்ததில் மிகச் சிறு பகுதி தண்ணீரோடு வேதிவினை புரிந்து கார்பானிக் அமிலமாகிறது. நாக்கில் சுருக்கென்று தைப்பது அந்த அமிலம். கார்பன் டை ஆக்சைடைத் தண்ணீரில் ஏற்றும் முறையை 1772-ல் அச்சிட்டு வெளியிட்டவர் ஜோசப் பிரீஸ்ட்லி. அந்த வாயுவை உள்ளிருந்தே அடைக்கும் கோலிக் குண்டு பாட்டிலுக்கு 1872-ல் காப்புரிமை பெற்றவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர்.

மழையும் லேசான சோடாதான். மாசே இல்லாத மழைநீரின் அமிலகாரக் குறியீடு (pH) நடுநிலையான 7 அல்ல, சுமார் 5.6, காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு கரைவதால் வருவது. அந்த மழை மண்ணுக்குள் இறங்கினால் இன்னும் வலுவாகிறது. வேர்களும் நுண்ணுயிரிகளும் மூச்சு விடுவதால் மண்ணுக்குள் இருக்கும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு வெளிக்காற்றைப் போலப் பல மடங்கு. நம் தோட்டங்களில் தோண்டினால் வரும் வெள்ளை வெள்ளையான சுக்கான் கல், மதுக்கரைச் சுண்ணாம்புப் பாறை எல்லாம் கால்சியம் கார்பனேட். வெறும் தண்ணீரில் அது கரையவே கரையாது என்று சொல்லலாம். கார்பன் டை ஆக்சைடு கரைந்த தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட்டாக மாறிக் கரைந்துவிடும். நம் போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையில், அதாவது சோப்பை நுரைக்கவிடாத குணத்தில், பெரும்பங்கு இப்படி வந்தது. காட்டுக்குள் பெய்த மழை மண்ணுக்குள் நெடுங்காலம் ஊறாமல் அணையில் சேர்வதால்தான் சிறுவாணித் தண்ணீரில் சோப்பு அப்படி நுரைக்கிறது. குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம்.

இந்த வினை இரு பக்கமும் ஓடும் என்பதுதான் விசேஷம். தண்ணீரைச் சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், கரைந்திருந்த கல் மறுபடி கல்லாகும். கெட்டிலின் அடியிலும் கெய்சர் கம்பியிலும் படியும் வெள்ளைப் படலம் அதுதான். அதன் மேல் எலுமிச்சைச் சாறு ஊற்றினால் நுரைக்கும். நுரைத்து வருவதும் அதே கார்பன் டை ஆக்சைடு.

பாப்பா இதையெல்லாம் ஒரே கண்ணாடி டம்ளரில் பார்த்துவிடலாம். வெற்றிலைக்கு வைக்கும் சுண்ணாம்பில் துளியை நிறையத் தண்ணீரில் கலக்கி, ஒரு இரவு தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் வடித்துக்கொள்ளட்டும். அதில் பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் சேர்த்து, உறிஞ்சுகுழலால் மெல்ல ஊதச் சொல்லுங்கள். உறிஞ்சிவிடக் கூடாது, சுண்ணாம்பு பட்டால் வாய் வெந்துவிடும். முதலில் பால் போல் கலங்கும்: மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத கார்பனேட் ஆகிறது. விடாமல் ஊதிக்கொண்டே இருந்தால் கலங்கல் தெளியும்: பைகார்பனேட்டாகிக் கரைகிறது, இப்போது டம்ளரில் இருப்பது நம் போர்வெல் தண்ணீர். அதைக் கொதிக்கவைத்தால் மறுபடி கலங்கும்: அதுதான் கெட்டில்.

பாய்லரில் இதே விஷயம் பெரிய அளவில் நடக்கிறது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீரை அப்படியே விட்டு ஒரு நாளில் 30,000 லிட்டர் ஆவியாக்கினால், 9 கிலோ கல் உள்ளே தங்க வேண்டும். அதனால் சாஃப்ட்னர் வைக்கிறோம். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. பைகார்பனேட்டைத் தொடுவதே இல்லை. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கல் படியாது, உண்மை. ஆனால் சோடியம் பைகார்பனேட் பாய்லர் சூட்டில் சிதைந்து கார்பன் டை ஆக்சைடை விடும். அது நீராவியோடு பயணித்து, நீராவி குளிர்ந்து திரும்பி வரும் கண்டன்சேட் குழாயில் கரைந்து அமிலமாகி, இரும்பை அரிக்கும். குழாயின் அடிப்பக்கம் வாய்க்கால் போட்டது மாதிரி தேய்ந்து ஓட்டை விழுந்தால் குழாய்க் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் தண்ணீரின் பைகார்பனேட் அளவைப் பாருங்கள் என்பதுதான் நான் எல்லாரிடமும் சொல்வது.

எனக்கு இதைவிட அழகாகப் படுவது சுண்ணாம்பின் சுற்று. 100 கிலோ சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் 900 டிகிரி அளவில் சுட்டால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு பறந்துவிடும், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றி நீற்றினால் 18 கிலோவைத் தனக்குள் இழுத்துக்கொண்டு, கொதிகொதியென்று கொதித்து, 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பாகும். பொங்கலுக்கு முன் சுவரில் அடிப்பது அதைத்தான். அடித்தபின் நாள்கணக்கில் அது காற்றிலிருந்து 44 கிலோ கார்பன் டை ஆக்சைடை மெல்ல வாங்கிக்கொண்டு, உள்ளே வைத்திருந்த 18 கிலோ தண்ணீரையும் விட்டுவிட்டு, மறுபடி 100 கிலோ கல்லாக இறுகுகிறது. 44-ம் 18-ம் முறையே இரண்டு சேர்மங்களின் மூலக்கூறு எடைகள். ஒன்று வெளியேற மற்றது புகுந்து, அப்புறம் அது விலகி முதலாவது திரும்பி வருகிறது. ஜோசப் பிளாக் 1750-களில் ஸ்காட்லாந்தில் மெக்னீசியம் கார்பனேட்டைச் சுட்டு, எடை குறைவதைத் தராசில் நிறுத்திப் பார்த்துத்தான் இந்த வாயு காற்றிலிருந்து வேறானது என்று நிறுவினார். சேலத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று தெரியும் கரடுகளில் வெட்டியெடுக்கும் மேக்னசைட்டும் அதே மெக்னீசியம் கார்பனேட்தான். அதைச் சுட்டால் எடையில் பாதிக்கு மேல், 84-க்கு 44, வாயுவாகப் போய்விடும்.

மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமான பதில்: ஆக்சிஜன் வருவது தண்ணீரிலிருந்து. 1941-ல் அமெரிக்காவில் ரூபனும் காமனும் சகாக்களும் ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜனைத் தண்ணீரில் வைத்து, அதைப் பாசிக்குக் கொடுத்தார்கள். வெளிவந்த வாயுவில் அந்தக் கனமான ஆக்சிஜன் இருந்தது. கனமான ஆக்சிஜனைக் கார்பன் டை ஆக்சைடு பக்கம் வைத்தபோது அப்படி வரவில்லை. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையில் இருக்கும் கார்பன் முழுவதும் கரும்பு காற்றிலிருந்து எடுத்த கார்பன் டை ஆக்சைடின் கார்பன். அந்தத் தோகை வெளியே விட்ட ஆக்சிஜன் வாய்க்கால் தண்ணீரின் ஆக்சிஜன்.

பாப்பாவுக்கு இங்கே ஒரு சிக்கல் வரும். புத்தகச் சமன்பாட்டில் 6 கார்பன் டை ஆக்சைடும் 6 தண்ணீரும் சேர்ந்து ஒரு குளுக்கோஸும் 6 ஆக்சிஜன் மூலக்கூறுகளும் வருகின்றன. 6 ஆக்சிஜன் மூலக்கூறு என்றால் 12 அணுக்கள். 6 தண்ணீரில் இருப்பதோ 6 ஆக்சிஜன் அணுக்கள்தான். மீதி 6 எங்கிருந்து? உண்மையில் செடி 12 தண்ணீரைப் பிரிக்கிறது, வினையின் முடிவில் 6 புதுத் தண்ணீரைத் திருப்பித் தருகிறது. அந்தப் புதுத் தண்ணீரின் ஆக்சிஜன்தான் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது. இடப்பக்கம் 12, வலப்பக்கம் 6 என்று எழுதிவிட்டு இரண்டு பக்கமும் 6 தண்ணீரை அடித்துவிட்டால் புத்தகத்தில் இருக்கும் சமன்பாடு கிடைக்கும்.